மண்ணெண்ணெய்க் கார்களின் மணம்

வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடிய காலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் பெருமிதம்தான் முதலில் வரும். பெற்றோல் கிடையாது, உதிரிப்பாகம் கிடையாது, ஆனாலும் எங்கள் மெக்கானிக்மார் வண்டிகளை ஓட வைத்தார்கள் என்பார்கள். அந்தப் பெருமிதத்துக்கு நியாயம் உண்டு. ஆனால் அந்தக் கதையில் எப்போதும் எஞ்சினைப் பற்றித்தான் பேச்சு. எஞ்சினுக்குப் பின்னால் ஆசனங்களில் அமர்ந்திருந்தவர்களை யாரும் நினைப்பதில்லை. காருக்குள் நிறைந்திருந்த மண்ணெண்ணெய் மணத்தை ஒரு சிறு தொல்லையாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறோம். நான் அதைக் கடந்துபோக மறுக்கிறேன். போர்க்காலத்தில் அரசு விதித்த எரிபொருள் தடை என்ன செய்தது என்பதற்கு அந்த மணம்தான் மிக நம்பகமான சாட்சி. எரியாத எண்ணெய் எங்கே போனது, யாருடைய நெஞ்சுக்குள் போனது, எஞ்சின் எந்த இடத்தில் தேய்ந்துகொண்டிருந்தது என்பதையெல்லாம் அது நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டறியத் தெரிந்ததே அந்தக் காலத்து மெக்கானிக்கின் உயர்ந்த தொழிற்புலமை. மண்ணெண்ணெயில் வண்டியை ஓட வைத்தது அதற்கு அடுத்தபடிதான்.

முருங்கனை வைத்து இதைப் பார்ப்பது பொருத்தம். மன்னார் மாவட்டத்தின் பெருநிலப் பகுதியில், நானாட்டான் பிரதேசத்தில், மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குப் போகும் வீதியில் இருக்கிறது இந்த ஊர். பக்கத்தில் கட்டுக்கரைக் குளம், சுற்றிலும் வயல். 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிய காலம் முதல் இந்தியாவுக்குப் போன ரயில் இந்த ஊரைக் கடந்துதான் போனது. வீதியும் ரயிலும் சேர்ந்து போகும் ஊரில் வாடகைக் காரும் லொறியும் உழவு இயந்திரமும் கராஜும் இருப்பது இயல்பு. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது இந்த வழி துண்டுபட்டது. மன்னார்த் தீவின் வாயிலிலுள்ள தள்ளாடி முகாம் இராணுவத்தின் கையில், தீவும் பிறகு அவர்கள் கைக்குப் போனது. கிழக்கே வவுனியாவும் இராணுவத்தின் கையில். நடுவிலிருந்த பெருநிலம் விடுதலைப் புலிகளின் கையில். அதே ஆண்டு ஒக்ரோபரில் புலிகள் வடக்கின் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். மன்னாரின் வணிகத்தில் பெரும் பங்கு அந்த மக்களிடமே இருந்தது. அவர்கள் போனபிறகு பொருள் வந்துசேரும் வழி இன்னும் சுருங்கியது. 1997 பெப்ரவரியில் 'எடிபல' என்ற இராணுவ நடவடிக்கை வவுனியா - மன்னார் வீதியைப் பிடிக்கும்வரை முருங்கன் தடைக்கு உட்பட்ட நிலமாகவே இருந்தது. அதற்கு வடக்கே அடம்பன், விடத்தல்தீவுப் பக்கம் 2008 வரை புலிகளின் கட்டுப்பாடு நீடித்தது. ஆகவே ஒரே மாவட்டத்துக்குள், சில மைல் தூரத்துக்குள், பெற்றோலில் ஓடிய காரையும் மண்ணெண்ணெயில் ஓடிய காரையும் ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய இடம் இது. தடையை ஆராய்பவருக்கு இதைவிட நல்ல களம் கிடைப்பது அரிது.

தடை என்றால் எல்லாம் முழுதாக நின்றுவிட்டது என்று பொருளில்லை. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, உரம் போன்றவை தடைசெய்யப்பட்டன. மண்ணெண்ணெய் கட்டுப்பாட்டுடன் வந்தது. மின்சாரம் இல்லாத இலட்சக்கணக்கான வீடுகளுக்கு விளக்கெரிக்க வேறு வழி இல்லை. அதை முழுதாக நிறுத்துவது அரசுக்கே முடியாத காரியம். பெற்றோல் கடல் வழியாகவும் சோதனைச் சாவடிகளைத் தாண்டியும் களவாக வந்து, வழியெல்லாம் விலையேறி, புலிகளின் வரியும் சேர்ந்து, சாதாரண மனிதர் துளிக்கணக்கில் மட்டுமே வாங்கக்கூடிய பொருளாயிற்று. இந்த நெருக்கடி எவ்வளவு ஆழமானது என்பதற்குப் போர்க்காலத்தைவிடச் சமாதானகாலம் நல்ல சான்று தருகிறது. 2002 பெப்ரவரி 22 அன்று கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கையின் இணைப்பில்கூட எரிபொருள் கட்டுப்பாட்டுப் பொருளாகவே இருந்தது. புலிகளின் பகுதியிலுள்ள வாகனங்களை அரசாங்க அதிபர் பதிவுசெய்து, வாரத் தேவையைக் கணக்கிட வேண்டும்: பெற்றோல் வாகனத்துக்கு 30 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 7, இருசில்லு உழவு இயந்திரத்துக்கு 40, லொறிக்கும் பஸ்ஸுக்கும் 250. இரு தரப்பும் ஆயுதங்களைப் பற்றிப் பேசிய அதே ஆவணத்தில் மோட்டார் சைக்கிளுக்கான ஏழு லீற்றரும் எழுதப்பட்டிருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளாக எது பற்றாக்குறையாக இருந்தது என்பதை அந்த இணைப்பே காட்டிவிடுகிறது.

மண்ணெண்ணெயில் ஓடியவை எந்தக் கார்கள் என்பது இந்த வரலாற்றில் முக்கியம். மொரிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ 40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் ஒக்ஸ்போர்ட் போன்ற ஐம்பதுகளின் ஆங்கிலக் கார்களே பெரும்பாலும். அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் 1960களின் தொடக்கம் முதல் 1977 வரை இலங்கையில் கார் இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. அதனால் ஐம்பதுகளில் வந்த கார்களைத் திரும்பத் திரும்பப் பழுதுபார்த்து ஓட்டும் பழக்கம் நாடு முழுவதும் வேரூன்றியது. வடக்கில் அந்தப் பழக்கம் தடைக்காலத்தில் உயிர்காத்தது. இந்தக் கார்களின் எஞ்சின்களில் அமுக்க விகிதம் தாழ்ந்தது; தொடக்ககால மொரிஸ் மைனர்களில் ஏழுக்கு ஒன்று என்ற அளவை ஒட்டியது. இன்றைய கார்களில் அது பத்துக்கு ஒன்று, அதற்கும் மேல். மண்ணெண்ணெயின் ஒக்டேன் எண் பெற்றோலைவிட மிகவும் குறைந்தது. அமுக்கம் கூடினால் பிளக் பொறி தருமுன்னே தானாகத் தீப்பற்றி எஞ்சினை அடித்து நொறுக்கும். பழைய எஞ்சின் அமுக்கம் குறைந்ததாக இருந்ததால் அந்த அடியைத் தாங்கிக்கொண்டது. இதே உத்தியை ஆங்கில விவசாயிகளும் அறிந்திருந்தார்கள். 1949 முதல் வந்த ஃபேகுசன் டி.இ.டி. 20 உழவு இயந்திரம் மண்ணெண்ணெயை ஒத்த எண்ணெயில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது. பெற்றோலில் கிளப்பி, எஞ்சின் சூடேறியபின் எண்ணெய்க்கு மாற்ற வேண்டும். எண்ணெயை ஆவியாக்குவதற்குப் புகைபோக்கும் குழாயின் சூடு பயன்படும்படி அதை அமைத்திருந்தார்கள். வடக்கின் கார்களுக்கு அந்த அமைப்பு எதுவும் இல்லை. பெற்றோலுக்கென வடிவமைத்த காபரேற்றரில், பெற்றோலுக்கென அமைந்த குளிர்ந்த காற்றில், மண்ணெண்ணெய் ஊற்றப்பட்டது. மணம் பிறந்தது அங்கேதான்.

பெற்றோல் ஏறத்தாழ 30 பாகை செல்சியஸ் முதலே கொதிக்கத் தொடங்கும். பூச்சியத்துக்குக் கீழே 40 பாகைக் குளிரிலும் அதன் ஆவி தீப்பற்றக்கூடியது. மண்ணெண்ணெய் கொதிக்கத் தொடங்குவதே 150 பாகையை ஒட்டி. தீப்பற்றும் அளவுக்கு ஆவி எழவே 38 பாகைக்கு மேல் சூடு வேண்டும். மன்னாரின் வெயிலிலும் குளிர்ந்த எஞ்சின் அதற்குப் போதாது. ஆகவே சிறு பிளாஸ்ரிக் போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றரின் வாய்க்குள் பீச்சி எஞ்சினைக் கிளப்புவது, சற்றுச் சூடானதும் மண்ணெண்ணெயை எடுக்க விடுவது என்ற முறை வழக்கமாயிற்று. அந்தச் சில துளி தீர்ந்து எஞ்சின் முழுச்சூடு அடையும்வரை உள்ளே போன மண்ணெண்ணெயில் ஒரு பகுதி எரியாமலே இருந்தது. எரியாதது எங்கேயோ போகத்தான் வேண்டும். ஒரு பகுதி வெள்ளைப் புகையாகச் சைலன்சர் வழியே வெளியேறியது. ஒரு பகுதி சிலிண்டர்ச் சுவரிலிருந்த ஒயிலைக் கழுவிக்கொண்டு பிஸ்ரன் ரிங்குகளின் இடுக்கு வழியே கீழிறங்கி ஒயிலோடு கலந்தது. இன்னொரு பகுதி காபரேற்றரிலேயே வழிந்து எஞ்சின் மேல் சொட்டியது. மூன்றும் மூன்று வகை நோய். காருக்குள் இருந்தவரின் மூக்குக்கு மூன்றும் மண்ணெண்ணெய் மணம்தான். எது எந்த நோயின் மணம் என்று பிரித்தறிவதே மெக்கானிக்கின் வேலையாயிற்று.

அந்தப் பிரித்தறிதல் எப்படி நடக்கும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த வரலாற்றின் சாரம் இங்கேதான் இருக்கிறது. பெற்றோல் காரில் ஒழுக்கு என்றால் மணமே அதைக் காட்டிக்கொடுத்துவிடும், ஏனென்றால் நல்ல நிலையிலுள்ள பெற்றோல் கார் உள்ளே மணப்பதில்லை. மணம் வந்தால் பழுது, வராவிட்டால் நலம். மண்ணெண்ணெய்க் காரில் இந்தக் கணக்குப் பொய்த்துவிடும். அது நலமாக இருக்கும்போதும் மணக்கும். ஆகவே மணம் இருக்கிறதா என்ற கேள்வி பயனற்றதாகி, எப்போது, எங்கிருந்து, எதன்பின் என்ற கேள்விகள் முன்னுக்கு வருகின்றன. கிளப்பும்போது கடுமையாக மணந்து, இரண்டு மைல் ஓடியபின் குறைந்தால் அது குளிர்ந்த எஞ்சினின் எரியாத புகை. அதற்கு மருந்தில்லை, சூடேறும்வரை பொறுக்க வேண்டும். சூடேறியபின்னும் குறையாமல், வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தபின் இன்னும் கூடினால், காபரேற்றரின் மிதவை அறையில் ஊசி சரியாக மூடவில்லை. மண்ணெண்ணெயிலிருந்த மண்டி அதில் அடைத்திருக்கும். மொரிஸ் மைனரில் இதற்குச் செவியும் துணை செய்தது. அதன் பம்ப் எஞ்சின் பெட்டிக்குள், பயணிகள் பக்கச் சுவரில் பொருத்திய மின்பம்ப். சாவியைத் திருப்பினால் டிக், டிக் என்று அடித்து, மிதவை அறை நிறைந்ததும் நின்றுவிடும். எஞ்சின் ஓடாத வேளையிலும் நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எண்ணெய் எங்கோ வெளியே போய்க்கொண்டிருக்கிறது, அல்லது பம்ப் காற்றை இழுக்கிறது என்று பொருள். கைப்பிடியளவு பம்பின் ஓசையும் மணமும் சேர்ந்து, ஒரு திருகைக்கூடக் கழற்றாமல், பழுது பம்புக்கு இப்புறமா அப்புறமா என்று சொல்லிவிட்டன.

ஒயிலுக்குள் இறங்கிய மண்ணெண்ணெயைக் கண்டறிவது இன்னும் நுட்பமானது. டிப் ஸ்ரிக்கை இழுத்து விரலில் தடவி முகர்ந்தால் தெரியும். ஒயில் நீர்த்திருக்கும், மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறியிருக்கும். ஒயில் மட்டம் ஏறுவதை நல்ல செய்தியாக எடுத்த ஓட்டுநர் எஞ்சினை இழந்தார், ஏனென்றால் நீர்த்த ஒயில் பெயரிங்குகளைக் காக்காது. மெக்கானிக்கல் பம்ப் உள்ள கார்களில் இதே அடையாளம் வேறொரு பழுதையும் குறிக்கும்: பம்பின் டயபிரம் கிழிந்தால் எண்ணெய் நேரே சம்ப்புக்குள் போகும். இரண்டையும் பிரிப்பதற்குக் காலம் உதவியது. ரிங் வழியே இறங்குவது வாரக்கணக்கில் மெல்ல ஏறும். டயபிரம் கிழிந்தால் ஒரே நாளில் ஏறிவிடும். அந்தக் காலத்து எஞ்சின்களில் சம்ப்பின் ஆவி ஒரு திறந்த குழாய் வழியே வண்டியின் அடியில் வெளியேறும். கியர்த் தண்டின் றப்பர் உறை கிழிந்தும் பெடல் துளைகள் தேய்ந்தும் இருந்த முதிய கார்களில் அந்த ஆவி வண்டி மெதுவாகப் போகும்போது காலடியிலிருந்து மேலே வந்தது. காலடியிலிருந்து வரும் மணம் சம்ப்பினுடையது. முன்பக்கச் சுவரிலிருந்து வருவது காபரேற்றரினுடையது. பின்னாலிருந்து வருவது தாங்கியினுடையது அல்லது சைலன்சரினுடையது. ஓடும் காரின் பின்புறம் காற்றழுத்தம் குறைவதால், டிக்கியின் மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் சைலன்சர்ப் புகை திரும்பி உள்ளே இழுபடும். பின் கண்ணாடிகளை மூடி முன் கண்ணாடிகளைத் திறந்து ஓட்டியும், பிறகு மாற்றி ஓட்டியும் பார்த்தால் இந்தப் புகையைத் தாங்கியின் ஒழுக்கிலிருந்து பிரித்தறியலாம். வேறு கருவி எதுவும் தேவைப்படவில்லை. இந்தக் கார்களின் எந்தக் கைநூலும் மண்ணெண்ணெய்க்காக எழுதப்பட்டதல்ல. இந்த அறிவு முழுவதும் உழைப்பவர்களின் மூக்கில் சேர்ந்தது.

ஆனால் மூக்குக்கு ஒரு பெரிய குறை உண்டு. ஒரே மணத்தில் சில நிமிடங்கள் இருந்தால் அது உணர்வதை நிறுத்திக்கொள்ளும். நாள் முழுவதும் மண்ணெண்ணெய்க் காரில் இருந்த ஓட்டுநர் 'இப்ப மணக்கேல்லையே' என்று சொன்னால் அது உண்மையாகவும் இருக்கும், பயனற்றதாகவும் இருக்கும். நம்பத்தக்க சாட்சி அப்போதுதான் வெளியிலிருந்து ஏறியவர். உடம்புக்கு உண்டான ஆபத்தும் இங்கேதான் தொடங்குகிறது. சைலன்சர்ப் புகையோடு வருவது மண்ணெண்ணெய் ஆவி மட்டுமல்ல. காபனோரொட்சைட்டும் அதோடு வருகிறது, அதற்கு மணமே இல்லை. புகை உள்ளே வருகிறது என்பதற்கு மணம்தான் ஒரே எச்சரிக்கை. எப்போதும் மணக்கும் காரில் அந்த எச்சரிக்கை தன் பொருளை இழந்துவிடுகிறது. தலைவலி, குமட்டல், தூக்கம் எல்லாம் 'பயணக் களைப்பு' என்ற பெயரில் போய்விடும். தடையின் தீங்குகளைப் பட்டியலிடுபவர்கள் மருந்தையும் உணவையும் சொல்வார்கள், சரியாகவே சொல்வார்கள். எச்சரிக்கைகளை மதிக்க முடியாத நிலைக்கு ஒரு மக்கள் கூட்டத்தைத் தள்ளியதும் ஒரு தீங்கு. அதையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

இதற்கு ஒரு மறுப்பு உடனே எழும். அந்தக் காலத்தில் குப்பி விளக்கு மண்ணெண்ணெய், அடுப்பு மண்ணெண்ணெய், வீடு முழுக்க அதே மணம். காருக்குள் சில மணி நேரம் அதைச் சுவாசித்தது பெரிய விடயமா? கேள்வி நியாயமானது. ஆனால் இரண்டு மணமும் ஒன்றல்ல. விளக்கில் எண்ணெய் திரியின் நுனியில் எரிகிறது. வருவது பெரும்பாலும் எரிந்த புகையும் கரியும், அதுவும் ஓலைவேலி வீடுகளில், காற்று நிறைய ஓடும் இடத்தில். காரில் வருவது எரியாத எண்ணெயின் ஆவி, மூடிய சிறு பெட்டிக்குள், எஞ்சினின் சூட்டோடு. அளவும் வேறு. ஒரு குப்பி விளக்கு ஓர் இரவில் குடிப்பதை ஒரு மொரிஸ் மைனர் சில மைல்களில் குடித்துவிடும். நீண்ட பயணமொன்றில் அது குடிப்பதில் சிறு பங்கு எரியாமல் போனாலும் ஒரு விளக்கின் முழு எண்ணெய்க்குச் சமம். வீட்டில் ஏற்கெனவே புகை இருந்தது என்பது காரின் புகையை மன்னிப்பதற்குக் காரணமாகாது. இரண்டையும் கூட்டிக் கணக்கிடுவதற்கே காரணமாகும்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. முருங்கன் போன்ற வயலூரில் எத்தனை பேரிடம் கார் இருந்தது? மக்கள் சைக்கிளில் போனார்கள், மாட்டுவண்டியில் போனார்கள், உழவு இயந்திரப் பெட்டியில் திறந்த வெளியில் போனார்கள். சில கார்களுக்குள்ளிருந்த மணத்தை வைத்து ஒரு வரலாறு எழுதலாமா? கார்கள் குறைவு என்பது உண்மை. ஆனால் குறைவாக இருந்ததாலேயே அவற்றில் யார் ஏறினார்கள் என்று கேட்க வேண்டும். ஓட்டச் செலவு பல மடங்கு ஏறிய காலத்தில் சைக்கிளில் போகக்கூடியவர் எவரும் கார் பிடிக்கமாட்டார். கார் பிடித்தவர்கள் சைக்கிளில் உட்காரவும் முடியாதவர்கள்: பிரசவ வலியிலிருந்த பெண், காய்ச்சலில் துவண்ட பிள்ளை, இளைப்பு நோயாளி, காயப்பட்டவர். முருங்கனிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் மன்னாருக்கோ வவுனியாவுக்கோ போக வேண்டும். இரு பக்கமும் போர்முனை, சோதனை, காத்திருப்பு. 1990 இல் மடுவில் ஐக்கிய நாடுகள் அகதிகளுக்கான ஆணையகம் நிவாரண நிலையம் திறந்தபின் அங்கே குவிந்திருந்த பல்லாயிரம் பேருக்கும் இதே பாதைகள்தான். குன்றும் குழியுமான வீதியில் மெதுவாக ஓடும் கார், எஞ்சின் முழுச்சூடு அடையாத ஓட்டம், அடிக்கடி நிறுத்தம்: மண்ணெண்ணெய் மோசமாக எரிவதற்கு வேண்டிய எல்லா நிலைமைகளும் அங்கே கூடியிருந்தன. ஆகவே அந்தச் சில கார்களின் ஆவியைச் சுவாசித்தவர்கள் ஊரில் மிகவும் பலவீனமான நெஞ்சுடையவர்கள். எண்ணிக்கை சிறியது என்பதைக் காட்டி இதைத் தள்ளிவிட முடியாது.

புத்திக்கூர்மையைக் குறைத்துப் பேசுகிறீர்கள் என்று சிலர் வருந்தக்கூடும். எனக்கு அந்த மெக்கானிக்மார் மீது பெருமதிப்பு உண்டு, அதனால்தான் அவர்கள் எதை எதிர்த்து வேலை செய்தார்கள் என்று சொல்கிறேன். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினைக் கண்டுபிடிப்பாக மட்டும் கொண்டாடினால், தடை ஏதோ ஒரு தொழிற்கூடம்போலவும் அதிலிருந்து திறமை பிறந்ததுபோலவும் தோன்றிவிடும். நல்ல வைத்தியர் நோய்க்கு நன்றி சொல்வதில்லை. புலிகளின் வாகனங்களுக்குப் பெற்றோல் போகக்கூடாது என்பதே தடைக்கு அரசு சொன்ன நியாயம். போர் நடத்தும் அரசுக்கு அந்தக் கவலை வருவது புரியக்கூடியது. ஆனால் படையணிகள் களவுப் பெற்றோலுக்கு எப்போதும் முதலில் வழி கண்டன. பணமும் படகும் அதிகாரமும் உள்ளவர்களுக்கு அது கிடைத்தது. மண்ணெண்ணெய் எஞ்சியது நோயாளியை ஏற்றிய வாடகைக் காருக்கும் நீர் இறைத்த கமக்காரருக்கும். தடை கடைசியில் யார் மேல் விழுந்தது என்பதை வாகனங்களின் மணத்தைக் கொண்டே பிரித்துவிடலாம் என்று சொல்வது மிகையாகாது.

லொறிகளுக்கும் மினிபஸ்களுக்கும் வேறு கதை. டீசலுக்குப் பதில் மண்ணெண்ணெயோடு ஒயிலோ தேங்காய் எண்ணெயோ கலந்து ஓட்டினார்கள். டீசலின் வழுவழுப்புத்தான் ஊசிப் பம்பைக் காப்பது. மண்ணெண்ணெய்க்கு அது போதாது என்பதால் இந்தக் கலப்பு. பொரியல் மணத்தோடு போன பஸ்களை அந்தக் காலத்தவர் மறந்திருக்கமாட்டார்கள்.  ஆனாலும் பம்புகள் முன்கூட்டியே செத்தன.

1997க்குப் பின் முருங்கனிலும், 2009க்குப் பின் வன்னி முழுவதிலும் பெற்றோல் திரும்பியது. 2010 இல் மன்னாருக்குப் புதிய பாலம், 2015 மார்ச்சில் தலைமன்னாருக்கு மீண்டும் ரயில், இடையில் புதிய வீதியில் யப்பானியக் கார்களும் இந்திய ஓட்டோக்களும். புதிய கார்களில் எரிபொருள் அமைப்பு முழுவதும் மூடியது. தாங்கியிலிருந்து எழும் ஆவியைக்கூடக் கரிப் பெட்டியொன்று பிடித்துவைத்து எஞ்சினுக்குத் திருப்பி அனுப்புகிறது. இவை உள்ளே மணக்கவே கூடாது. மணந்தால், பின் ஆசனத்தின் கீழே பம்பை மூடும் றப்பர் வளையம் போயிருக்கலாம், எண்ணெய் விடும் வாயின் குழாய் வெடித்திருக்கலாம், தாங்கியை விளிம்புவரை நிரப்பியதால் கரிப் பெட்டிக்குள் பெற்றோல் புகுந்திருக்கலாம், முன்னால் இன்ஜெக்ரரின் வளையம் கசியலாம். பழைய மின்பம்ப் தந்த அமுக்கம் மிகச் சிறியது, ஒழுகினால் சொட்டும். இன்ஜெக்ரருக்குப் போகும் பெற்றோலின் அமுக்கம் அதைப்போல் பல மடங்கு, ஒழுகினால் சூடான எஞ்சின் மேல் பீச்சியடிக்கும். மண்ணெண்ணெய்க் காலம் விட்டுச்சென்ற ஒரு பழக்கம் இங்கே ஆபத்தாகிறது: கார் என்றால் கொஞ்சம் மணக்கத்தான் செய்யும் என்ற பொறுமை. அந்தப் பொறுமை அப்போது வேறு வழியில்லாததால் வந்தது. இப்போது அதற்கு இடமே இல்லை. அதே சமயம், எப்போது, எங்கிருந்து, எதன்பின் என்று கேட்கும் முறை இன்றைய காருக்கும் அப்படியே பொருந்துகிறது. நிரப்பியபின் மட்டும் மணந்தால் தாங்கியின் மேற்பகுதி, சாவியைத் திருப்பியதும் மணந்தால் அமுக்கம் ஏறும் குழாய், வெயிலில் நிறுத்திவைத்தபின் மணந்தால் கரிப் பெட்டி. கணினி முறையில் பழுது பார்க்கும் இளையவர்கள் கருவியின் இலக்கத்தைப் பார்க்கிறார்கள். சிறு ஒழுக்கு பலவற்றுக்கு எந்த இலக்கமும் வராது.

2022 இல் நாடு முழுவதும் எரிபொருள் தீர்ந்தபோது தெற்கு முதன்முறையாக வடக்கின் பழைய அனுபவத்தைச் சுவைத்தது. வரிசைகள், கான்களில் பதுக்கல், காரின் பின் ஆசனத்திலும் டிக்கியிலும் பெற்றோல் கான்கள், ஜூலையில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூ ஆர் முறை. அந்த ஓகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. வெளியிணைப்பு எஞ்சின்களில் மண்ணெண்ணெய் எரிக்கும் மன்னார் மீனவர்களை அது நேரடியாக அடித்தது. அதற்கு முன் விலை தாழ்ந்திருந்த காலமெல்லாம் பெற்றோலிலும் டீசலிலும் மண்ணெண்ணெய் கலப்பதற்குத் தூண்டுதல் இருந்தது என்பதும் உண்மை. கலப்படத்தைப் பெற்றோல் காரின் மணத்தில் முதலில் உணரக்கூடியவர்கள் இந்த நாட்டில் யாரென்றால், 1990களில் வன்னியில் கராஜ் நடத்தியவர்கள்தான். பெற்றோலை ஒரு துணியில் விட்டால் கறையின்றி விரைவில் உலர்ந்துவிடும். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் எண்ணெய்க் கறையும் மணமும் மணிக்கணக்கில் நிற்கும். அவர்கள் அதை வயிற்றுப்பாட்டுக்காகக் கற்றார்கள். நாடு அவர்களிடம் எதையும் கேட்கவில்லை.

இன்று அவர்கள் முதுமையை எட்டியிருக்கிறார்கள். சிலர் காலமாகிவிட்டார்கள், சிலர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறார்கள். போரின் படுகொலைகளும் இடப்பெயர்வுகளும் பதிவாகின்றன. அது முதல் கடமை. தொழில்களின் வரலாறு அதற்கு அடுத்த வரிசையில் நின்று, பெரும்பாலும் எழுதப்படாமலே போகிறது. நூலகம் நிறுவனம் போன்ற ஆவணக் காப்பகங்கள் வாய்மொழி வரலாறுகளைச் சேகரித்து வருகின்றன. முருங்கன், நானாட்டான், அடம்பன் பக்கத்துக் கராஜ்களும் அந்தச் சேகரிப்பில் இடம்பெற வேண்டும். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அந்தக் காலத்தில் வாகனம் பழுதுபார்த்தவர், வாடகைக் கார் ஓட்டியவர் இருந்தால் போய்க் கேளுங்கள். எஞ்சினை எப்படிக் கிளப்பினீர்கள் என்பதோடு நிறுத்தாதீர்கள். கார் எப்படி மணந்தது, எந்த மணத்துக்கு எந்தத் திருகைக் கழற்றினீர்கள், உள்ளே இருந்த நோயாளி என்ன சொன்னார், உங்கள் நெஞ்சு இப்போது எப்படி இருக்கிறது என்றும் கேட்டு, திகதியோடும் ஊரோடும் எழுதிவையுங்கள்.